சுத்தியலா, ஓநாயா, திசைகாட்டியா? நார்ஸ் தோல் நகை வாங்கப் போகிறவருக்கு

கறுப்புத் தோல் கயிற்றில் தோரின் சுத்தியல், அகலமான கைப்பட்டையில் மூன்று முக்கோணம், பின்னல் பிரேஸ்லெட்டின் இரு முனையிலும் ஓநாய்த் தலை. 'வைக்கிங் நகை' என்ற ஒரே பெயரில் எல்லாம் ஒரே தட்டில் கிடக்கும். ஆனால் அவற்றின் வயது வேறு, பிறந்த இடம் வேறு, இன்று அவற்றை அணிந்து திரிகிறவர்களும் வேறு. அதனால் விலையையும் தோலையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் எந்தச் சின்னம் என்று முடிவு செய்யுங்கள். கயிறு இற்றுப்போனால் புதிது கோத்துக்கொள்ளலாம், சின்னம் உறுத்தினால் பெட்டிக்குள்தான் கிடக்கும்.

ஒன்றை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். வைக்கிங் காலத்து மக்கள் தோலில் செய்தது செருப்பு, இடைவார், கத்தியுறை. நகை என்றால் அவர்களுக்கு வெள்ளி, வெண்கலம், அம்பர், கண்ணாடி மணி. சுவீடனின் கோட்லாந்து தீவில் ஸ்பில்லிங்ஸ் என்ற இடத்தில் 1999இல் கிடைத்த புதையலில் வெள்ளி மட்டுமே சுமார் 67 கிலோ; அதில் கைக்காப்புகள் 486. குமிழ் ஆணி பதித்த முரட்டுத் தோல் பட்டை சினிமாவும் தொலைக்காட்சித் தொடர்களும் கொடுத்த தோற்றம். பிடித்திருந்தால் தாராளமாக அணியலாம். 'அசல் வைக்கிங் வடிவம்' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் மட்டும் சிரித்துவிட்டு நகருங்கள்.

என்னிடம் யோசனை கேட்டால், முதல் நகைக்குச் சுத்தியலைத்தான் சொல்வேன். ம்யோல்னிர் எனப்படும் இது, நார்ஸ் தேவன் தோரின் ஆயுதம். மற்ற சின்னங்களைப்போல ஊகத்தில் நிற்கவில்லை. வைக்கிங் காலத்தவர் இதைக் கழுத்தில் அணிந்ததற்குச் சான்று ஏராளமாகக் கிடைத்திருக்கிறது. வெள்ளியிலும் இரும்பிலும் அம்பரிலும் உண்டு. டென்மார்க்கின் லோலாந்து தீவில் 2014இல் கிடைத்த பத்தாம் நூற்றாண்டுச் சுத்தியல் ஒன்றில், 'இது சுத்தியல்' என்று அக்கால ரூன் எழுத்தில் பொறித்திருக்கிறது. யாருக்கு ஐயம் வந்ததோ தெரியவில்லை! அதே நாட்டின் யட்லாந்தில் கிடைத்த மாக்கல் அச்சு ஒன்று இன்னும் சுவையானது. அந்த ஒரே கல்லில் சிலுவையும் வார்க்கலாம், சுத்தியலும் வார்க்கலாம். புது மதம் வந்துகொண்டிருந்த நேரத்தில் இரண்டு வகை வாடிக்கையாளரையும் விடாத கொல்லன்.

சுத்தியல் டாலர்களின் கைப்பிடி குட்டையாக இருப்பதற்கும் கதை இருக்கிறது. ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோரி ஸ்தூர்லுசன் 13ஆம் நூற்றாண்டில் எழுதியபடி, குள்ளர்கள் உலையில் சுத்தியலைச் செய்துகொண்டிருந்தபோது சூழ்ச்சிக்கார லோகி ஈயாக வந்து துருத்தி ஊதுகிறவனின் இமையைக் கடித்தான். ரத்தம் கண்ணில் வழிய, அவன் ஒரு கணம் கையை எடுத்தான், பிடி குட்டையாகிவிட்டது. அதனால் நீண்ட கைப்பிடியோடு திரைப்படச் சுத்தியல்போல இருக்கும் டாலரை விட்டுவிட்டு, அகலத் தலையும் குட்டைப் பிடியும் உள்ளதை எடுங்கள். எளிய தோல் கயிற்றில் அது கச்சிதமாக உட்காரும்.

கழுத்தில் வேண்டாம், கையில்தான் என்றால் ஓநாய். தோலுக்கென்றே பொருந்திய கதை ஃபென்ரிருடையது. கட்டுக்கடங்காமல் வளர்ந்த அந்த ஓநாயை இரண்டு முறை பெரிய தளைகளால் கட்டிப் பார்த்தார்கள் தேவர்கள், இரண்டையும் அறுத்தெறிந்தது. மூன்றாவதாகக் குள்ளர்கள் செய்து தந்தது பட்டு நாடாபோல மெல்லியது. பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் ஆகிய ஆறும் சேர்ந்த கட்டு. அதற்குள் வர ஓநாய் கேட்ட பிணை, தன் வாய்க்குள் ஒருவர் கை வைக்க வேண்டும் என்பது. வைத்தவன் தீர் என்ற தேவன். கட்டு இறுகியது, கை போனது. மென்மையான பின்னலும் முனையில் ஓநாய்த் தலையுமாக வரும் பிரேஸ்லெட் இந்தக் கதையை அப்படியே கையில் சுற்றியதுபோல இருக்கிறது. வடிவமைத்தவர் இதை நினைத்துச் செய்தாரோ இல்லையோ, பொருத்தம் பொருத்தம்தான். தன் வாலைத் தானே கவ்வும் யொர்முன்கந்தர் பாம்பும் கைக்கு ஏற்றதே. ஆனால் அது உலோகக் காப்பில்தான் எடுப்பு. தோலில் பாம்பு தட்டையாகிவிடுகிறது.

எட்டுக் கைகளோடு பனித்துகள்போல இருக்கும் வெக்விசிருக்கு வருவோம். 'வைக்கிங் திசைகாட்டி' என்று இதை விற்கிறார்கள். இது வைக்கிங் காலத்தது அல்ல. ஐஸ்லாந்தில் 1860இல் கெய்ர் விக்ஃபூஸ்ஸன் தொகுத்த 'ஹுல்ட்' கையெழுத்துப் பிரதியில் இருக்கிறது. வைத்திருப்பவர் புயலிலும் வழி தவறமாட்டார் என்பது அதில் உள்ள வாக்கு. ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் இதைக் கையில் பச்சை குத்தியிருக்கிறார். பயணம் போகும் நண்பருக்குப் பரிசாகத் தர இதைவிட நல்ல சின்னம் எனக்குத் தோன்றவில்லை. ஐஸ்லாந்து நாட்டுப்புற மந்திரம் என்று சொல்லிக் கொடுங்கள், வைக்கிங் என்று சொல்லாதீர்கள், அவ்வளவே.

வால்க்னுட் விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். ஒன்றோடொன்று கோத்த மூன்று முக்கோணம். கோட்லாந்தின் படக்கல் ஒன்றில், பலியிடுவதுபோலத் தெரியும் காட்சிக்கு மேலே இது இருக்கிறது. பழமையில் குறையில்லை. தேவர்களின் தலைவன் ஓடினோடும் இறந்தவர்களோடும் அதைச் சேர்த்துப் பேசுவது வழக்கம், ஆனால் அந்தக் காலத்தவர் யாரும் இதற்குப் பொருள் எழுதி வைக்கவில்லை. பெயர்கூடப் பிற்காலத்தார் வைத்தது. சிக்கல் வேறு இடத்தில். வெள்ளை இனவாதக் குழுக்கள் சில இதை எடுத்துக்கொண்டன. 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கொம்புத் தொப்பியோடு புகுந்து படங்களில் பிரபலமான ஆளின் உடம்பில் இந்த முக்கோணமும் சுத்தியலும் உலக மரமும் பச்சை குத்தியிருந்தன. அதற்காகச் சுத்தியலைக் கைவிட வேண்டியதில்லை. அமெரிக்க ராணுவத்தினரின் கல்லறைகளில் பொறிக்க 2013 முதல் அனுமதிக்கப்பட்ட சின்னங்களில் அதுவும் ஒன்று. மரம் இன்னும் பொதுவானது, யாரையும் உறுத்தாது. ஆனால் தோலில் அச்சு குத்தினால் கிளை எது வேர் எது என்று தெரியாமல் குழம்பிவிடும். ரூன் எழுத்துகளில் 'ஒத்தலா', 'சொவிலோ' இரண்டையும் நாஜிகள் பயன்படுத்தினார்கள். ஐரோப்பாவில் வசிப்பவரோ அங்கே போகிறவரோ அவற்றைத் தொடவே வேண்டாம். உங்கள் பெயரை ரூனில் பொறிக்கச் சொன்னால் இன்னொரு கேள்வி வரும்: எந்த எழுத்து வரிசை? பல கடைகள் தரும் 24 எழுத்து வரிசை வைக்கிங்குகளுக்கு முந்தியது, வைக்கிங்குகள் எழுதியது 16 எழுத்தில்.

இதே தட்டில் இன்னொன்றும் இருக்கும். கலைமான் தோலில் மெல்லிய வெள்ளீயக் கம்பியைப் பின்னித் தைத்து, மான் கொம்புப் பித்தான் வைத்த கைப்பட்டை. இதையும் 'வைக்கிங்' என்று விற்பவர்கள் உண்டு. உண்மையில் இது வட ஸ்காண்டிநேவியாவின் சாமி மக்களுடைய கைவினை மரபு. இங்கே உள்ள எதையும்விட அழகு என்பேன். வாங்கினால் சாமி கைவினைஞர் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

இனி தோல். மரப்பட்டையில் பதனிட்ட தோல், குரோமியத்தில் பதனிட்ட தோல், ரெக்சின். மூன்றையும் வெட்டு விளிம்பில் பிரித்துவிடலாம். ரெக்சினில் துணி அடுக்கும் அதன்மேல் பிளாஸ்டிக் படலமும் தெரியும். குரோமியத் தோலின் நடுப்பகுதி பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல். பட்டைத் தோலின் வெட்டு மரப்பழுப்பு. நம் ஊர் ஆவாரம்பட்டைப் பதனிடலும் இந்தக் குடும்பமே. சின்னத்தைத் தோலிலேயே அச்சுக் குத்துவதாக இருந்தால் பட்டைத் தோல்தான். குரோமியத் தோலில் பதிந்த கோடு சில மாதத்தில் எழும்பி மங்கும். டாலர் தொங்க மெல்லிய கயிறு மட்டும் வேண்டும் என்றால் குரோமியமே மேல், வியர்வையைத் தாங்கும். தூள் தோலைப் பசையில் ஒட்டிய பட்டையும் தோல் என்ற பெயரிலேயே வரும். மடித்துப் பார்த்தால் வெடிப்பு விடும்.

நார்ஸ் கதைகளில் தோலுக்கு ஒரு பெரிய வேலை உண்டு, அது நகையாக அல்ல. உலக முடிவில் ஃபென்ரிரின் தாடையை மிதித்துக் கிழிக்கப்போகும் விதார் என்ற தேவனுடைய தடித்த செருப்புக்கான தோலை மக்கள்தான் காலமெல்லாம் சேர்க்கிறார்களாம். செருப்புத் தைக்கும்போது கால்விரல் பக்கமும் குதிப் பக்கமும் வெட்டி எடுக்கும் துண்டுகள்தான் அந்தச் செருப்புக்குச் சேர்வதால் அவற்றை எறிந்துவிட வேண்டும், அது தேவர்களுக்கு உதவி என்கிறார் ஸ்னோரி.

கைப்பட்டைக்கு அளவு எடுக்கும்போது மணிக்கட்டை நூலால் சுற்றி, பின்னல் என்றால் இரண்டு சென்டிமீட்டர் கூட்டுங்கள். பின்னலின் தடிப்பு உள்சுற்றைத் தின்றுவிடும். காந்தக் கொக்கி பார்க்க நன்றாக இருக்கும், பேருந்துக் கம்பியில் உரசினால் கழன்றுவிடும். கொக்கிப் பூட்டோ பித்தானோ கேளுங்கள். ஓநாய்த் தலை மலிவான உலோகக் கலவை என்றால் நிக்கல் இருக்கலாம், சருமம் அரிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வெண்கலமோ போதும், வெண்கலம் கையைப் பச்சையாக்கினால் துடைத்துக்கொள்ளலாம்.