மேல்வரம்பு மட்டும் போதுமா?

கேள்வி: கால்பந்து வீரர்களின் ஒப்பந்தத்துக்கும் சம்பளச் செலவுக்கும் கட்டுப்பாடு தேவையா?
– வாசகர், லோயர் கேம்ப்

பதில்: கட்டாயம் தேவை. ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகள் வருமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல் அணிக்குச் செலவிடக் கூடாது. நம் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடரிலும் சம்பள உச்சவரம்பு உண்டு. ஆனாலும் நடந்தது என்ன? இந்தியக் கால்பந்து சம்மேளனம் போட்டி நடத்தும் நிறுவனத்தோடு 2010இல் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இழுபட்டது. அதனால் 2025 ஜூலையில் தொடரே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி முதன்மை அணியின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்சி செயல்பாடுகளையே நிறுத்திவைத்தது. உங்கள் ஊரிலிருந்து ஒரு பையன் பந்தை நம்பிக் கிளம்பினால், அவன் ஆடக்கூடிய காலம் பத்துப் பன்னிரண்டு வருடம்தான். அதில் ஒரு பருவம் போவது பெரிய இழப்பு. கிளப்பின் செலவுக்கு வரம்பு கட்டும் விதி, ஒப்புக்கொண்ட சம்பளத்துக்கு வங்கி உத்தரவாதத்தையும் முன்கூட்டியே கேட்க வேண்டும்.