எல்லை தாண்டும் குப்பை மின்னஞ்சல்: சட்டம் தடுக்குமா?

பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டில், வேலைப் பயிற்சிக்கான நேர்முகத்திற்கு அழைத்த மின்னஞ்சல் ஒன்றை நான் தவறவிட்டேன். மருந்து, கடன், லாட்டரி விளம்பரங்களோடு அதுவும் குப்பை அஞ்சல் பெட்டியில் கிடந்தது. கண்டெடுத்தபோது நாள் கடந்துவிட்டது. விளம்பரம் அனுப்புபவருக்குச் செலவு ஏறக்குறைய இல்லை; இழப்பெல்லாம் பெறுபவருக்கே. இதைச் சட்டத்தால் தடுக்க இயலாதா என்பதை இக்கட்டுரையில் ஆராய விழைகிறேன்.

இது தொடர்பான சட்டங்கள் இரு வகைப்படும். இசைவு பெற்ற பிறகே விளம்பரம் அனுப்பலாம் என்பது ஒரு வகை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறியாணையும் ஆஸ்திரேலியாவின் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வகையின. அனுப்பலாம், பெறுபவர் 'வேண்டாம்' என்றால் நிறுத்தவேண்டும் என்பது மற்றொரு வகை. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டமும், சிங்கப்பூரில் 2007 ஜூன் 15ஆம் தேதி நடப்புக்கு வந்த சட்டமும் இதில் அடங்கும்.

சிங்கப்பூர்ச் சட்டப்படி, கேட்காமல் மொத்தமாக அனுப்பப்படும் விளம்பர மின்னஞ்சலின் தலைப்பில் 'ஏடிவி' என்ற குறி இருக்கவேண்டும். விலகிக்கொள்ள வழியும் இருக்கவேண்டும். மீறினால் பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடரலாம். நீதிமன்றம் ஒரு செய்திக்கு 25 வெள்ளி வரை இழப்பீடு விதிக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்த அஞ்சலாயினும், இங்குள்ள கணினியில் பெறப்பட்டால் சட்டம் பொருந்தும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. யார் மீது வழக்குத் தொடர்வது? அனுப்புநர் பெயர் போலி. அனுப்பிய கணினியோ, நச்சுநிரல் புகுந்ததை அறியாத யாரோ ஒருவருடையது. தீர்ப்புக் கிடைத்தாலும் அயல்நாட்டில் அதை நிறைவேற்றுவது எளிதன்று.

உள்ளூர்க் கடை ஒன்றின் விளம்பரத்தில் விலகல் இணைப்பைச் சொடுக்கினேன், அஞ்சல் நின்றது. முகவரி அறியாத அஞ்சலில் அவ்வாறு செய்வது, 'இங்கே ஆள் இருக்கிறது' என்று நாமே அறிவிப்பதாகிவிடும்.

2008 நவம்பரில், கலிஃபோர்னியாவிலிருந்து இயங்கிய மெக்கோலோ நிறுவனத்தின் இணையத் தொடர்பை, அதனை வழங்கியவர்களே துண்டித்தனர். உலகக் குப்பை அஞ்சல் பாதிக்கும் மேல் சரிந்தது. எந்தச் சட்டமும் ஒரே நாளில் செய்யாத வேலை இது. எனினும், சில மாதங்களில் அளவு மீண்டும் ஏறியது. 2024 முதல் கூகல், யாஹூ ஆகியவை, மொத்தமாக அஞ்சல் அனுப்புவோர் தம் அடையாளத்தை நிறுவவேண்டும் என விதித்துள்ளன.

ஆகவே, முகவரி உள்ளவரைச் சட்டம் கட்டுப்படுத்தும். முகமூடி அணிந்தவரை அது தனித்து நின்று பிடிக்க இயலாது. முகமூடியைக் கழற்றத் தொழில்நுட்பமும், கழற்றியபின் தண்டிக்க நாடுகளின் ஒத்துழைப்பும் தேவை. அதுவரை, வாரந்தோறும் குப்பைப் பெட்டியைக் கிளறிப் பார்க்கும் பழக்கத்தை நான் விடப்போவதில்லை.