முதுகு வலி: தசையா, நரம்பா? தெரிஞ்சுக்கோங்க!

விடியும் முன்பே ஜீப் ஏறி, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டத்துக்குப் போறவங்க. பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்று, 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை அறுக்கிறவங்க. பெரியாறு தண்ணீர் வந்ததும் குனிந்து நாற்று நடுறவங்க. தேனி மாவட்டத்தில் இவங்க எல்லோரோட பிழைப்பும் முதுகை நம்பித்தான் இருக்கு. "முதுகு பிடிச்சிருச்சு" என்று சொல்கிறோமே, உள்ளே பிடித்தது எது?

மேல் அடுக்கு: கைக்கு உழைக்கும் தசைகள்

கழுத்திலிருந்து நடுமுதுகு வரை விரிந்திருப்பது ட்ரபீசியஸ் தசை. தோளைத் தூக்குவது இதன் வேலை. இதை இயக்குவது 11-ஆவது மூளை நரம்பு. டாக்டர் "தோளைத் தூக்குங்க" என்று சொல்லிப் பார்ப்பது இந்த நரம்பைச் சோதிக்கத்தான். அதற்குக் கீழே அகலமாக இருப்பது லாட்டிசிமஸ் டார்சி. இது முதுகில் இருந்தாலும் கையை இழுக்கும் தசை. அதனால் இதற்கான நரம்பு கழுத்துப் பகுதியிலிருந்து வருகிறது. பந்தலில் நாள் முழுக்கக் கையை உயர்த்தி வேலை செய்தால் கழுத்தும் தோளும் கடுப்பது இந்த மேல் அடுக்கு களைத்துப்போவதால்தான்.

ஆழ் அடுக்கு: நம்மை நிமிர்த்தும் தசைகள்

முதுகெலும்பின் இரு பக்கமும் கயிறு போல ஓடுவது எரெக்டர் ஸ்பைனே. அதற்கும் உள்ளே, எலும்புக்கு எலும்பு பிடித்து நிற்பது மல்டிஃபிடஸ். தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. ஒவ்வொன்றும் வெளியே வந்ததும் இரண்டாகப் பிரியும். பின்கிளை இந்த ஆழ் தசைகளுக்கும் முதுகுத் தோலுக்கும் போகும். முன்கிளை உடம்பின் முன்பக்கத்துக்கும் கை, கால்களுக்கும் போகும்.

ஏலக்காய் செடியின் அடித்தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். அதை எடுக்க முழுசாகக் குனியும்போது எரெக்டர் ஸ்பைனே ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். பாரம் முழுக்கத் தசைநார்களுக்கும் எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்குக்கும் போய்விடும். நெடுநேரம் குனிந்தவர் சட்டென்று மூட்டை தூக்கக் கூடாது என்பது இதனால்தான்.

எப்படிப் பிரித்து அறிவது?

• தசை வலி: முதுகிலேயே நிற்கும், அழுத்தினால் வலிக்கும். பெரும்பாலும் சில நாள், சில வாரங்களில் குறையும். படுத்தே கிடக்க வேண்டாம், மெதுவாக நடமாடலாம்.

• நரம்பு வலி: டிஸ்க் பிதுங்கி, நரம்பு பிரியும் இடத்துக்கு முன்பே அழுத்தினால் முன்கிளையும் பாதிக்கும். வலி பிட்டத்திலிருந்து கால் வரை "சுரீர்" என ஓடும். மதமதப்பும் இருக்கும்.

உடனே மருத்துவமனைக்குப் போங்க

சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, கால் பலம் குறைவது, காய்ச்சலோடு முதுகு வலி, விழுந்த பிறகு கடும் வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காதீங்க. தண்டுவடம் இடுப்பின் மேல் பகுதியிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வால் போலத் தொங்குகின்றன. அந்தக் கொத்து நசுங்கினால், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்புதான். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் ஜீப் ஏறுவது ஆபத்து.

வேலையிடத்தில்

• அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து லேசாகப் பின்னால் வளையுங்க.
• மூட்டையை முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்குங்க. தூக்கியபடி இடுப்பைத் திருப்பாதீங்க.
• 16 லிட்டர் மருந்துத் தெளிப்பான் என்றால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. இரண்டு தோளிலும் பட்டை மாட்டுங்க.

எங்கே போகலாம்?

முதலில் உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். மேல்சிகிச்சைக்குக் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நடமாட முடியாதவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108. இரண்டையும் இப்போதே போனில் சேமித்து வைங்க.