கல் பேசிய காடு: பலென்கேயில் ஒரு பகல்

முன்னுரை

ஓரினத்தின் ஏடுகளை எரித்துவிட்டால் அவ்வினத்தின் வரலாறும் எரிந்துபோகுமா? இவ்வினாவிற்கு விடை காண, மெக்சிகோவின் தென்பகுதியாகிய சியாபாஸ் மாநிலத்துக் காட்டினுள் அமைந்த பலென்கே என்னும் மாயர் நகரத்திற்கு, நூல்களைத் துணையாகக் கொண்டு ஒரு பகற்பொழுது சென்று வருவோம்.

காலை: கல்வெட்டுக் கோயில்

விடியலில் நம்மை வரவேற்பது மர உச்சியிலிருந்து எழும் ஊளைக்குரங்குகளின் முழக்கமே. மூடுபனி விலக, மலையடிவாரத்தில் சுண்ணக்கற் கட்டடங்கள் தோன்றுகின்றன. கி.பி. 800 அளவில் மக்கள் கைவிட்ட இந்நகரைக் காடு மூடிக்கொண்டது. ஸ்பானியர் இந்நிலத்திற்கு வந்தது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே ஆகும்.

ஒன்பது அடுக்கு மேடையின்மேல் நிற்பது கல்வெட்டுக் கோயில். அதன் கற்பலகைகளில் 600-க்கும் மேற்பட்ட எழுத்துத் தொகுதிகள் செதுக்கப்பட்டுள்ளன. அக்கோயிலின் தளக்கல் ஒன்றில் அடைப்பிட்ட துளைகள் இருப்பதை மெக்சிகோ தொல்லியல் அறிஞர் அல்பெர்தோ ருஸ் கண்டார். கல்லைப் பெயர்த்தபோது, கற்குவியலால் அடைக்கப்பட்ட படிக்கட்டு ஒன்று கீழிறங்கிச் சென்றது. அதனைத் தூர்வாரி முடித்து, 1952-இல் அவர் அடித்தளத்தை அடைந்தார். அங்கே சிற்பம் செறிந்த மாபெரும் மூடிக்கல்லின்கீழ், பச்சை மணிக்கல் முகமூடி அணிந்து ஒருவன் கிடந்தான். அவன் யார்? எழுத்து கண்முன் இருந்தும் அன்று அதைப் படித்துக் கூறுவார் இல்லை.

நண்பகல்: அரண்மனை நிழல்

அருகே நான்கு நிலைக் கோபுரம் உடைய அரண்மனை உள்ளது. அதன் பக்கத்தே, ஓட்டுலும் என்னும் ஓடையைக் கல்லால் வளைவு கட்டிய கால்வாயினுள் செலுத்தியுள்ளனர். இத்துணைத் திறம் பெற்றோரின் எழுத்தைப் படிப்பார் இல்லாமற்போனது எங்ஙனம்?

1562-இல் யுகத்தானிலுள்ள மனி என்னும் ஊரில், தியேகோ தெ லாந்தா என்னும் ஸ்பானியத் துறவி மாயர் ஏடுகளைத் தீயிலிட்டார். மரப்பட்டைத் தாளில் எழுதப்பட்ட மாயர் ஏடுகளுள் இன்று நமக்கு எஞ்சியவை நான்கே. ஆயினும், அதே லாந்தா 1566 அளவில் எழுதிய நூலில், மாயர் எழுத்துகள் சிலவற்றை வரைந்து, அவற்றின் ஒலிகளையும் குறித்து வைத்தார். எரித்த கையே திறவுகோலையும் விட்டுச்சென்றது விந்தையன்றோ!

பிற்பகல்: எழுத்து திறந்த கதை

1952-இல் சோவியத் அறிஞர் யூரி க்னோரோசொவ், லாந்தா தந்தவை தனியெழுத்துகள் அல்ல, அசையெழுத்துகள் என்று கூறினார். ஏட்டில் வான்கோழி ஓவியத்தின் மேல் இரண்டு குறிகள் உள்ளன. முதற்குறி, லாந்தா காட்டிய 'கு'. யுகத்தான் மாயமொழியில் வான்கோழிக்குக் 'குட்ஸ்' என்று பெயர். ஆகவே இரண்டாங்குறி 'ட்ஸு' ஆதல் வேண்டும். இதனை அவர் வேறோரிடத்தில் வைத்துச் சோதித்தார். நாய் ஓவியத்தின் மேல் அதே 'ட்ஸு' முதலில் வர, அடுத்து லாந்தா காட்டிய லகரக்குறி வந்தது. 'ட்ஸுல்' என்பது அம்மொழியில் நாயைக் குறிக்கும் சொல்! மாயர் மொழி மக்கள் நாவில் வாழ்ந்தமையால் அன்றோ இச்சோதனை கைகூடிற்று?

புகழ்பெற்ற மாயவியல் அறிஞர் எரிக் தாம்சன் இதனைக் கடுமையாக மறுத்தார். எனினும் உண்மை நிலைபெற்றது. 1973-இல் இப்பலென்கேயிலேயே கூடிய அறிஞருள் லிண்டா ஷீலி, பீட்டர் மேத்யூஸ், பிளாய்ட் லவுன்ஸ்பரி ஆகியோர் இந்நகர மன்னர் வரிசையை மீட்டனர். கல்லறையில் கிடந்தவன் பக்கால் என்னும் வேந்தன். 615-இல் பன்னிரண்டாம் அகவையில் அரியணை ஏறி, 683-இல் மறைந்தவன். அவன் பெயர் கேடயத்தைக் குறிக்கும் சொல். அதனைக் கேடய வடிவாகவும் எழுதினர். ப, க, ல என அசையெழுத்துகளாலும் எழுதினர்.

மாலை: நமக்குரிய பாடம்

மாயர் என்னும் பெயரைக் கேட்டவுடன், நம் இலக்கியம் கூறும் மயனோடு இணைத்து முடிவு கட்டுவோர் நம்மிடையே உளர். பெயரொலி ஒப்புமை ஒன்றே சான்றாகாது. ஓரிடத்துப் பெற்ற ஒலி மற்றோரிடத்தும் பொருந்துகின்றதா எனச் சோதித்த க்னோரோசொவின் நெறியே ஆய்வுநெறி. அவரும் அவர்தம் குழுவினரும் 1960-களில் சிந்துவெளி எழுத்தையும் ஆராய்ந்து, அதன் மொழி திராவிடக் குடும்பத்தைச் சார்ந்ததாகலாம் எனக் கருதினர். எனினும் அனைவரும் ஏற்கும் வகையில் அவ்வெழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. அப்பணி காத்திருக்கிறது.

முடிவுரை

பொழுது சாய நாம் காட்டைவிட்டு வெளியேறுகிறோம். அருகிலுள்ள சிற்றூர்களில் சோல் என்னும் மாயமொழி இன்றும் பேசப்படுகின்றது. ஏடுகள் எரிந்தன, நகரம் காடாயிற்று, ஆயினும் தாயர் பிள்ளைகளிடம் பேசிய மொழி மடியவில்லை. அதுவே கல்லையும் பேசவைத்தது. எழுத்தைக் காப்பது நூலகத்தின் கடமை. மொழியைக் காப்பது ஒவ்வொரு வீட்டின் கடமை. இதனை மாணவர்கள் மனங்கொள்வார்களாக.