கீமோ மருந்தும் காதுகளும்: முதல் மருந்து ஏறும் முன்பே காதைச் சோதியுங்கள்

மலேசிய இந்தியர்களிடையே வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட அதிகம். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் பழக்கம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். வாய், தொண்டை, நுரையீரல், கருப்பை வாய் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்குப் பலருக்கும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். 1970களிலிருந்து எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்து இது. ஆனால் காதைப் பாதிக்கக்கூடியது.

உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய முடியணுக்கள் உள்ளன. உட்காதுக்குள் போன சிஸ்பிளாட்டின் மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகிறது. அழிந்த அணுக்கள் மறுபடி வளர்வதில்லை. (காதில் எண்ணெய் காய்ச்சி விடுவது அவ்வளவு ஆழத்துக்குப் போகாது, விட வேண்டாம்.) முதலில் மறைவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள்: சில்வண்டின் இரைச்சல், பேரப்பிள்ளைகளின் குரல். பேச்சு கேட்கும், ஆனால் சொற்கள் தெளியாது. வயதாகிவிட்டது என்று நாமே விட்டுவிடுகிறோம்.

கெடா தோட்டங்களில் ரப்பர் ஆலையிலும் புல் வெட்டும் இயந்திரத்தோடும் வேலை செய்தவர்களுக்கு ஏற்கெனவே காது சற்று மந்தமாக இருக்கலாம். முதல் மருந்துக்கு முன்பே சோதித்தால்தான் எது பழையது, எது மருந்தால் வந்தது என்று மருத்துவர் பிரித்தறிய முடியும். "ஊஜியான் பெண்டெங்காரான்" வேண்டும் என்று கேளுங்கள். சுங்கைப்பட்டாணி, பாலிங், கூலிம் பகுதிகளிலிருந்து பினாங்குக்குப் போய் வருபவர்கள், மருந்து ஏற்றும் நாளிலேயே சோதனையையும் வைக்க முடியுமா என்று விசாரிக்கலாம். இரண்டு முறை பஸ் ஏற வேண்டாம்.

சிகிச்சையின்போது காதில் இரைச்சல் கேட்டால், அடுத்த மருந்து ஏறும் முன்பே தாதியிடம் சொல்லுங்கள். மலாயில் "தெலிங்கா பெர்டெசிங்" என்றால் புரியும். மருத்துவர் அளவைக் குறைக்கலாம், அல்லது வேறு மருந்துக்கு மாற்றலாம். எல்லாருக்கும் மாற்ற முடியாது; உயிரைக் காப்பது முதலில். நீங்களாகச் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்.

நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீர் பிரியக் கொடுக்கும் ஃபுரோசெமைடு, கிருமிகளுக்குப் போடும் ஜென்டாமைசின் ஊசி போன்றவை பாதிப்பைக் கூட்டக்கூடும். உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நிற்பதையும் தள்ளி வையுங்கள்.

காதைக் காக்கும் மருந்து ஒன்றை அமெரிக்கா 2022இல் அங்கீகரித்தது. அது குழந்தைகளுக்கு, அதுவும் உடலில் பரவாத கட்டிகளுக்கு மட்டுமே. பெரியவர்களுக்கு இப்போதைக்குச் சோதனைதான் காவல். சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழித்தும் கேட்கும் திறன் குறையக்கூடும் என்பதால், கடைசி மருந்துக்குப் பிறகும் ஒருமுறை சோதிக்கத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.