தனுஷ்கோடிக்குச் சைக்கிளில் போகிறீர்களா?

திருமங்கலத்திலிருந்து பாம்பன் தீவுக்குச் சைக்கிளில் மூட்டை கட்டுகிறவர்கள் தூரத்துக்கும் வெயிலுக்கும்தான் தயாராகிறார்கள். வண்டியைக் கெடுப்பதோ உப்பு. தீவில் தங்கும் ஒவ்வொரு மாலையும் செயின், பிரீவீல், பிரேக் கம்பியை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். விட்டால் சீக்கிரமே துரு பூக்கும். 'தார்ச்சாலையை விட்டு இறங்கவே இல்லையே' என்பீர்கள். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்கு 2017-இல் திறந்த சாலைக்கு இரு பக்கமும் கடல். உப்பு காற்றிலேயே வந்து படியும். 'அப்படியானால் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிடலாமே?' கூடாது. எண்ணெயில் ஒட்டிய மணல் உப்புத்தாள் போலப் பல்சக்கரத்தைத் தேய்த்துவிடும். காய்ந்தபின் துளித்துளியாக விட்டு, மிச்சத்தைத் துணியால் வழித்தெடுங்கள்.

அந்த உப்பைச் சுமந்து வரும் காற்றுக்கும் வழி செய்யுங்கள். பைகளைத் தாழ்வாக, ஒடுக்கமாகக் கட்டுங்கள். பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கக்காற்று அகன்ற மூட்டையைப் பிடித்துத் தள்ளும். ராமேஸ்வரத்திலிருந்து விடியலிலேயே கிளம்புங்கள். வெயில் ஏறக் கடற்காற்றும் ஏறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று பலமாக வீசும், அப்போது போகாதீர்கள். குடிநீரை ஊரிலேயே நிரப்புங்கள். கடைசிப் பகுதியில் நிழலே கிடையாது. கூடாரம் இருக்கிறதென்று முனையில் இரவு தங்க எண்ண வேண்டாம், மாலையில் எல்லாரையும் வெளியேறச் சொல்வார்கள். மாற்று டியூப் இரண்டு இருக்கட்டும்: பாலத்துக்கு முந்தைய ராமநாதபுரம் சீமையில் கருவேல முள் அதிகம்.