புதுப் போன் வாங்கிய பேரனுக்கு

ராசா, பெல்மதுளை டவுனில் நீ போன் வாங்கி வந்த சந்தோஷம் எனக்கும் உண்டு. இதையும் கேட்டுக்கொள்.

1. கோபம் பொங்கும்போது எதையும் அனுப்பாதே. 1983 ஜூலை 29, வெள்ளிக்கிழமை. கொழும்புக்குள் விடுதலைப் புலிகள் புகுந்துவிட்டதாக ஒரு வதந்தி. புலி வரவில்லை, தெருவில் அகப்பட்ட தமிழர்கள்தான் செத்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முந்தி, 1981 ஆகஸ்டில், நம் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களிலேயே லயங்களைத் தாக்கினார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனம் ஓடியது. அந்தக் காலத்தில் வதந்தி நடந்து வந்தது. இன்றைக்கு உன் சட்டைப் பைக்குள்ளேயே வந்து இறங்குகிறது.

2. வீடியோவில் கண்டதெல்லாம் சாட்சி ஆகாது. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறியில் கிடந்த கட்டியைக் காட்டி, மலட்டு மாத்திரை போட்டாயா என்று ஒரு கூட்டம் கடைக்காரரைச் சூழ்ந்துகொண்டது. சிங்களம் சரியாகத் தெரியாத மனுசன் பயத்தில் ஆமென்றார். அது பேஸ்புக்கில் பரவியது. எல்லாரும் அவர் வாயைத்தான் பார்த்தார்கள், முகத்தில் இருந்த பயத்தைப் பார்க்கவில்லை. அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவு. ஆனால் அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. அடுத்த வாரம் கண்டிப் பக்கத்துத் திகனயில் முஸ்லிம்களின் வீடுகள் எரிந்தன. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. பேஸ்புக் கம்பனி மன்னிப்புக் கேட்டது 2020இல்தான். எரிந்த வீட்டுக்கு அது எதற்கு?

3. நம் மொழியில் பேசுகிறவன் எல்லாம் நம் நன்மைக்குப் பேசுகிறவன் இல்லை. சஹ்ரான் ஹாஷிம் பேஸ்புக்கிலும் யூடியூப்பிலும் தமிழில்தான் வெறுப்பை விதைத்தான். காத்தான்குடியில் அவனுடைய சனமே அவனைப் பற்றி முன்கூட்டியே முறையிட்டும் தடுக்கப்படவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று அவனுடைய கூட்டம் வெடிக்கவைத்த குண்டுகளில் 250க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இப்படிப்பட்டவர்கள், எந்த மதமானாலும் எந்த இனமானாலும், முதலில் குண்டைப் பற்றிப் பேசமாட்டார்கள். உன் குறையைப் பேசுவார்கள்: சம்பளம் போதாது, காணி இல்லை, மதிப்பில்லை. எல்லாம் உண்மையான குறைதான், அதனால்தான் மனசு இளகும். பிறகு பக்கத்து வீட்டுக்காரன்தான் காரணம் என்பார்கள். அதன்பிறகு தனிக் குரூப்பில் சேர்த்து, வீட்டில் சொல்லாதே என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் வெளியே வந்து, உன் அம்மாவிடம் சொல்லிவிடு.

4. வாட்ஸ்அப் கணக்கை உறுதிப்படுத்த வரும் ஆறு இலக்க எண்ணைச் சித்தப்பா கேட்டாலும் கொடுக்காதே. கேட்பது அவர்தானா என்று கோல் எடுத்துக் கேள். எண்ணைக் கொடுத்தால் உன் பெயரிலேயே இன்னொருவன் காசு கேட்பான், வெறுப்பும் பரப்புவான். இரண்டடுக்குப் பாதுகாப்பை இன்றைக்கே போட்டுவை.

5. வெளிநாட்டு வேலை என்று எவனாவது கேட்டால் அடையாள அட்டைப் படத்தை அனுப்பாதே. உன் பெயரில் இன்னொருவன் சிம் எடுத்தால், அவன் செய்கிற குற்றத்துக்குப் பொலிஸ் முதலில் உன் லயத்துக்குத்தான் வரும்.

6. இனவெறுப்பைத் தூண்டினால் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தில் பத்து வருடம் வரை சிறை. ஆனால் நீ சட்டத்துக்குப் பயந்து மட்டும் நல்லவனாக இருக்கக் கூடாது என்பதுதான் என் ஆசை.

7. முகம் பார்த்துப் பழகிய ஒரு சிங்களச் சிநேகிதனின் நம்பரையும் ஒரு முஸ்லிம் சிநேகிதனின் நம்பரையும் போனில் வைத்திரு. 83இல் தமிழர்களைத் தங்கள் வீட்டில் மறைத்துக் காப்பாற்றிய சிங்களக் குடும்பங்கள் உண்டு. ஏதாவது கதை வந்தால் குரூப்பில் கேட்காதே, அவர்களுக்கு ஒரு கோல் எடு. அந்த நம்பர்களை இன்றைக்கே வாங்கிக்கொள், ராசா. கலவரம் வந்த பிறகு கேட்டு வாங்க முடியாது.